கோடாலி வெட்ட மட்டுமா? – வாசகர் கேள்வி பதில்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பாத்திரமேற்று ஆடும் சண்டை விளையாட்டுகளில் கோடாலியை எப்படிக் கையாள்வது என்று வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒவ்வொருவர் ஆடும் விதிமுறையும் வேறாக இருப்பதால், கணக்குக்காக ஒரு பொது அடிப்படையை வைத்துக்கொள்வோம். மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை திறன் எண்ணுக்குச் சமமாகவோ அதற்குக் குறைவாகவோ வந்தால் வெற்றி. ஒரு டர்ன் என்பது ஒரு விநாடி. தடுப்பு எண், திறனில் பாதியோடு 3. கேடயம் இருந்தால் இன்னும் 2. மேசையில் ஒரு கட்டம் ஒரு மீட்டர். பயிற்சி பெற்ற வீரனின் திறன் 12, தேர்ந்தவனுக்கு 14.

வெற்றி வாய்ப்பு எண் 7-க்கு 16.2 சதவீதம், 9-க்கு 37.5, 10-க்கு 50, 11-க்கு 62.5, 12-க்கு 74.1, 14-க்கு 90.7, 16-க்கு 98.1. இந்த வரிசை கீழே பலமுறை வரும்.

*

கேள்வி: எங்கள் ஆட்டத்தில் கோடாலிக்காரனும் வாள்காரனும் ஒரே மாதிரிதான் சண்டை போடுகிறார்கள். கோடாலிக்குச் சேதம் ஒன்று கூடுதல், அவ்வளவுதான். இதை எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் மனதில் இருக்கும் படத்தை மாற்ற வேண்டும். கோடாலி என்றதும் விறகு பிளக்கும் கோடாலிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதன் தலை மட்டுமே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். ஆப்பு மாதிரி தடித்திருக்கும். மரத்தைப் பிளந்து விலக்குவதுதான் அதன் வேலை. போர்க்கோடாலி அப்படியல்ல. ஒரு கையால் பிடிக்கும் போர்க்கோடாலி பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும், அதாவது ஒரு கை வாளின் எடைதான். 11-ஆம் நூற்றாண்டில் இரு கையால் வீசிய டேன் கோடாலிக்கு அகன்ற வாய் உண்டு, ஆனால் தகடு மெல்லியது. 1066-இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைக் காட்டும் பாயோ சித்திரத் துணியில் அதை வீசுகிறவர்களைப் பார்க்கலாம்.

ஆக, எடையில் வித்தியாசம் பெரிதாக இல்லை. எடை உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. வாளின் எடை கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோடாலியின் எடை முழுக்கக் காம்பின் நுனியில். அதனால் வீச்சின் கடைசிப் பகுதியில் வேகம் குவிகிறது, அடி கனமாக விழுகிறது. வீச்சு காற்றில் போய்விட்டால் அதே எடை கையை இழுத்துக்கொண்டு போகிறது.

சில விதிமுறைகளில் கோடாலி வீசிய பிறகு ஒரு முழு டர்ன் 'தயாராக' வேண்டும் என்று இருக்கும். மூன்று கிலோ சம்மட்டிக்கு அது பொருந்தும், ஒரு கிலோ கோடாலிக்குப் பொருந்தாது. நாங்கள் சொல்லும் மாற்று இது: வெட்டு தவறினாலோ, எதிராளி உடலை விலக்கித் தப்பினாலோ, உங்கள் அடுத்த டர்ன் வரை கோடாலியால் தடுக்க −2. கேடயத்திலோ உடலிலோ பட்டிருந்தால் கழிவு எதுவும் இல்லை. எதிலாவது பட்ட கோடாலி அங்கேயே நிற்கிறது, பட்ட வேகத்தில் சற்றுத் திரும்பியும் வருகிறது. படாத கோடாலிதான் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு விதி வந்தாலே எதிராளிகள் கோடாலிக்காரனிடம் கேடயம் நீட்டுவதா, விலகுவதா என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

இதற்குத் துணையாக இரண்டு உத்திகள் வைக்கலாம். ஒன்று சுழல் மீட்பு: தவறிய கோடாலியை நிறுத்தப் போராடாமல், அதே வேகத்தில் வட்டமாகச் சுற்றவிட்டு மறுபக்கத்திலிருந்து அடுத்த வெட்டாக இறக்குவது. தடுப்புக் கழிவு அப்படியே இருக்கும், ஆனால் அடுத்த வெட்டுக்கு +1. இரண்டாவது குறும்பிடி: கையைக் காம்பின் மேல்பகுதிக்கு ஏற்றிப் பிடிப்பது. எட்டும் தூரம் ஒரு கட்டம் குறையும், சேதம் −1, தவறினால் வரும் கழிவு கிடையாது.

பிடி மாற்றுவதில் கை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் விதி தானாக வந்துவிடும். இரு கைக் கோடாலியில் பின்கை காம்பின் அடியிலேயே நிற்கும். முன்கை தலைக்கு ஒரு சாண் கீழே பிடித்திருக்கும். கோடாலியைத் தூக்கும்போது தலையின் பாரத்தைச் சுமப்பது முன்கைதான். வெட்டு இறங்கும்போது முன்கை காம்பில் வழுக்கி வந்து பின்கையோடு சேர வேண்டும். அது வழுக்காமல் நின்றால் பாதித் தூரம்தான் எட்டும். சீக்கிரமே வழுக்கிவிட்டால் தலை தொங்கி வெட்டு கோணலாகும். ஆகவே இரு கைக் கோடாலிக்குப் பிடி மாற்றம் இலவசம். மறு கையில் கேடயம் இருப்பவனுக்கு அப்படியில்லை. தலையை முன்னால் எறிவது போல வீசி விரல்களைத் தளர்த்தினால் காம்பு தானே நீளும். நீளப்பிடிக்குப் போவது இலவசம். திரும்பக் குறும்பிடிக்கு வர, கோடாலியை மேலே எகிறவிட்டுப் பிடிக்க வேண்டும். அந்த டர்னில் அவனுக்கு நடையைத் தவிர வேறு செயல் கிடையாது.

*

கேள்வி: கேடயத்தைக் கொக்கிபோட்டு இழுக்கும் உத்தியை −2 கழிவோடு வைத்திருக்கிறோம். ஆனால் யாருமே அதைப் பயன்படுத்துவதில்லை. ஏன்?

பதில்: உங்கள் ஆட்டக்காரர்கள் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். நீங்களும் போட்டுப் பாருங்கள். திறன் 14 உள்ளவன், தடுப்பு 11 உள்ள கேடயக்காரனை வெட்டுகிறான். பட வாய்ப்பு 90.7, தடுப்பு தவற வாய்ப்பு 37.5. இரண்டும் சேர்ந்து வர ஏறத்தாழ 34 சதவீதம். இரண்டு டர்ன் வெட்டினால் சராசரியாக 0.68 அடி விழும்.

இப்போது முதல் டர்னில் கொக்கி, இரண்டாவதில் வெட்டு. கொக்கி 12-இல் உருள்கிறது, எதிராளி 11-இல் தடுக்கிறான். பலிக்க 28 சதவீதம்தான். பலித்தால் கேடயத்தின் 2 போய், நிலைகுலைந்ததற்கு இன்னொரு 2 போய், அவன் தடுப்பு 7 ஆகிறது. அடுத்த வெட்டு விழ 76 சதவீதம். பலிக்காவிட்டால் பழைய 34. மொத்தமாகக் கூட்டினால் 0.46. நேரே இரண்டு முறை வெட்டியவனைவிடக் கொக்கி போட்டவன் பின்தங்கிவிட்டான். இதை யார் வாங்குவார்கள்?

தவறு கழிவின் அளவில் இல்லை. கொக்கியைத் தனித் தாக்குதலாக வைத்ததுதான் தவறு. நிஜத்தில் கொக்கி வெறும் காற்றிலிருந்து தொடங்குவதில்லை. வெட்டு கேடயத்தில் விழுந்து தடுக்கப்படுகிறது. தலை ஏற்கெனவே கேடயத்தின் மேல்விளிம்பைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறது. காம்பைக் கீழே இழுத்தால் வாயின் கீழ்மூலை, அதாவது தாடி, விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. எதிராளி தடுத்ததே கொக்கிக்கு வாசல்.

எனவே இப்படி மாற்றுங்கள். உங்கள் வெட்டைக் கேடயம் தடுத்தால் இருவரும் 'பிணைப்பு' நிலைக்கு வருகிறீர்கள். அடுத்த டர்னில், நீங்கள் இருவரும் அதே இடத்தில் இருந்தால், கொக்கிக்குத் தனி ரோல், அதாவது பகடை உருட்டல், வேண்டாம், நேரே பலப்போட்டி. ஆளுக்கொரு ரோல், அவரவர் பாத்திரத்தின் வலிமை எண்ணின் மீது. வென்றால் கேடயம் கீழே வருகிறது: கேடயத்தின் 2 இல்லை, தடுப்பில் இன்னும் −2, உங்கள் அடுத்த டர்ன் முடியும்வரை. அதோடு அதே டர்னில் ஒரு குறுங்குத்தும் உண்டு. கேடயம் இறங்கிய நொடியில் கோடாலியின் மேல்மூலை எதிராளியின் முகத்துக்கு நேரே நிற்கிறது, இழுத்த கையை முன்னே தள்ளினால் போதும். குத்துக்கு −2, சேதமும் வெட்டைவிட 2 குறைவு.

சம வலிமை என்றால் போட்டியில் வெல்ல ஏறத்தாழ பாதி, குத்து பட 74.1, தடுப்பு 7 தவற 83.8. மொத்தம் 31 சதவீதம். நேர் வெட்டின் 34-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கேடயமும் இன்னொரு டர்ன் கீழேயே இருக்கிறது. இப்போது கொக்கி ஒரு உண்மையான தேர்வு.

பக்கத்தில் ஈட்டி வைத்திருக்கும் தோழன் ஒருவன் இருந்தால் கதையே வேறு. கோடாலிக்காரன் கேடயத்தை இறக்க, ஈட்டிக்காரன் அதே விநாடியில் குத்துகிறான். கோடாலிக்காரன் அந்தக் குறுங்குத்தை விட்டுக்கொடுத்து, இரு கையாலும் இழுத்துப் பிடித்தால் பலப்போட்டியில் +2 கொடுங்கள்.

கேடயத்தின் பிடியையும் கவனியுங்கள். நடுவில் ஒற்றைக் கைப்பிடி உள்ள வட்டக் கேடயத்தை விளிம்பில் இழுத்தால் அது கதவு மாதிரி கையைச் சுற்றித் திரும்பும். பிடித்திருப்பவனின் மணிக்கட்டு மட்டும்தான் எதிர்க்கிறது. இழுப்பவனுக்குப் போட்டியில் +2. வாரால் முன்கையோடு கட்டிய கேடயம் அப்படித் திரும்பாது. அதை இழுத்தால் ஆளே கூட வருவான். அங்கே கூடுதல் எதுவும் இல்லை. ஆனால் வென்றால் எதிராளி ஒரு கட்டம் உங்கள் பக்கம் இழுபடுகிறான், கேடயத்தை உதறிவிடவும் முடியாது. முதல்வகைக்காரன் மட்டும் விரும்பினால் கேடயத்தைக் கைவிட்டுப் போட்டியைத் தவிர்க்கலாம்.

*

கேள்வி: காலைக் கொக்கிபோட்டு விழத்தட்டலாமா?

பதில்: தட்டலாம், விலை அதிகம். காலுக்குக் கோடாலியை இறக்குகிறவனின் தலை முன்னே வருகிறது. தோளிலிருந்து எதிராளியின் தலைக்கு உள்ள தூரத்தைவிட அவன் முழங்காலுக்கு உள்ள தூரம் நீளம். இரண்டு பேரும் ஒரே நீள ஆயுதம் வைத்திருந்தால், நீங்கள் காலை எட்டும் இடத்தில் அவன் உங்கள் தலையை எப்போதோ எட்டிவிடுவான். அதனால் காலுக்கு வெட்டோ கொக்கியோ போட்ட டர்னில் தடுப்பு −2. ஆயுதம் எதிராளியுடையதைவிட ஒரு கட்டம் நீளமாக இருந்தால் இந்தக் கழிவை நீக்கிவிடுங்கள்.

எந்தக் கால் என்பதும் முக்கியம். உடல் பாரம் ஊன்றிய காலை இழுத்தால் அசையாது. பாரம் இல்லாத கால்தான் வரும். எதிராளி முந்தைய டர்னில் முன்னேறி வந்திருந்தால் கொக்கி −2-இல் உருளட்டும், நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் −5. ஊன்றி நிற்பவனிடம் கொக்கியைவிட முழங்காலுக்கு வெட்டே மேல்.

*

கேள்வி: தாடி உள்ள கோடாலியால் எதிராளியின் வாளைப் பறிக்க ஒரு வீரன் ஒவ்வொரு சண்டையிலும் முயல்கிறான். எவ்வளவு கழிவு வைக்கலாம்?

பதில்: வாளின் அலகு வழுவழுப்பானது, நுனியை நோக்கி ஒடுங்குவது. தாடியில் மாட்டி இழுத்தால் உருவிக்கொண்டு போய்விடும். இழுப்பதற்குப் பதில் கீழே அழுத்தி ஒரு கணம் அடக்கி வைக்கலாம். அதற்கு −2, எதிராளியின் அடுத்த வாள் தடுப்புக்கு −2. பறிக்கவே வேண்டுமென்றால் −6. ஈட்டிக் காம்பில் மாட்டினால் கழிவு −3 போதும், ஏனென்றால் அதற்குத் தலைப்பகுதியில் தடை இருக்கிறது. எல்லாவற்றையும்விட நல்லது ஆயுதம் பிடித்த மணிக்கட்டில் மாட்டுவது. குறி சிறியது, −4. பட்டால் இழுக்கும்போதே வெட்டும் விழுகிறது.

*

கேள்வி: வாளால் கோடாலிக் காம்பை வெட்டிவிட்டதாக ஒரு ஆட்டக்காரர் சொல்கிறார். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் அனுமதிக்கலாமா?

பதில்: கையில் பிடித்து அசையும் காம்பைக் குறுக்கே ஒரே வெட்டில் துண்டாக்குவது மிக அரிது. மரத்தின் இழை காம்பின் நீளவாக்கில் ஓடுகிறது. குறுக்கே வரும் வாள் அத்தனை இழைகளையும் அறுத்தாக வேண்டும். காம்போ வெட்டு விழும் திசையிலேயே பின்வாங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து வைத்த கட்டையா அது? எங்கள் யோசனை: ஒரு வெட்டுக்கு ஒடியாது, ஆனால் சேதம் 6-க்கு மேல் போன ஒவ்வொரு அடிக்கும் காம்பில் ஒரு குறி போடுங்கள். மூன்றாவது குறியில் ஒடியும்.

நிஜத்தில் காம்பு ஒடிவது பெரும்பாலும் பிடித்திருப்பவனின் தவறால்தான். தூரத்தைத் தவறாகக் கணித்து, வாய்க்குப் பதில் தலைக்கு நேர் கீழே உள்ள காம்பு கேடய விளிம்பிலோ தலைக்கவசத்திலோ மோதுகிறது. வீச்சின் வேகம் முழுதும் அந்த ஒரு விரற்கடைப் பகுதியில் இறங்குகிறது. ஒழுங்கான அடியிலும் ஒடிவது உண்டு: 1314-இல் பானக்பர்ன் போர் தொடங்கும் நேரம், தன்மேல் பாய்ந்து வந்த ஹென்றி டி போஹுன் என்ற வீரனை ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் தலையில் ஒரே அடியில் கொன்றார், கோடாலிக் காம்பு அந்த அடியிலேயே ஒடிந்தது.

தாக்குதல் ரோலில் 17 அல்லது 18 வந்தால், அதாவது 216-இல் 4 முறை, காம்பு மோதியதாக வைத்து மறு ரோல் போடுங்கள். அதில் 10-க்கு மேல் வந்தால் ஒடியும். காம்பின் இரு பக்கமும் இரும்புப் பட்டை அடித்த கோடாலிக்கு 14-க்கு மேல் வந்தால் மட்டும். ஒடிந்தாலும் கையில் ஒரு குச்சி மிச்சம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

*

கேள்வி: வெட்டிய கோடாலி கேடயத்தில் சிக்கிக்கொண்டால்?

பதில்: பலகைக் கேடயத்தில் வாய் மர இழையோடு இறங்கினால் பிளவு இரு பக்கமும் கவ்விக்கொள்ளும். கேடயம் தடுத்து, சேதம் 8-க்கு மேல் வந்திருந்தால் சிக்கியதாக வையுங்கள். இது இருவருக்கும் பொதுவான சிக்கல். கேடயக்காரன் கேடயத்தைச் சட்டென்று திருகி கோடாலியைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கலாம், பலப்போட்டி. கோடாலிக்காரன் அதையே நெம்புகோலாக வைத்துக் கேடயத்தைச் சாய்க்கலாம், அதுவும் பலப்போட்டி. யாருடைய டர்ன் முதலில் வருகிறதோ அவருக்கு வாய்ப்பு.

எடுக்கும் விதம்: காம்பை மேலும் கீழும், வாய் பதிந்த கோட்டின் வழியே ஆட்டினால் பிடி தளரும். பக்கவாட்டில் முறுக்கினால் தலை காம்பில் ஆடத் தொடங்கும், ஆப்பு கழன்றுவிடும். சாதாரணமாக எடுக்க ஒரு டர்ன், வலிமை ரோல். அவசரமாக முறுக்கி எடுக்கிறேன் என்பவருக்கு +3 கொடுங்கள். ஆனால் அதன்பின் ஒவ்வொரு வெட்டுக்கும் −1, தலையை மறுபடி இறுக்கும்வரை.

*

கேள்வி: இருபுறமும் வாய் உள்ள கோடாலிக்கு எவ்வளவு கூடுதல் சேதம்?

பதில்: எதுவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வாய்தான் படும். வெண்கலக் காலத்துக் கிரீட்டில் இரட்டை வாய்க் கோடாலி வழிபாட்டுச் சின்னமாக நிறையக் கிடைத்திருக்கிறது. ஐரோப்பியப் போர்க்களக் கோடாலிகள் பெரும்பாலும் ஒற்றை வாய்தான். பின்புறத்தில் சுத்தியலோ முள்ளோ வைத்தால் கவசத்துக்கு எதிராக உதவும். இரட்டை வாய்க்கு அது இல்லை. ஒரு வாய் மழுங்கினால் மறுவாய் இருக்கிறது என்பதுதான் கிடைக்கும் லாபம்.

*

கேள்வி: முழுக் கவசம் அணிந்த வீரர்களின் நீளக்கோடாலிச் சண்டைக்கு ஒரு தனிப் பாணி உருவாக்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: வாலிலிருந்து. போலாக்ஸ் எனப்படும் இந்த ஆயுதத்தில் காம்பு கிட்டத்தட்ட ஆள் உயரம். உச்சியில் ஈட்டி முனை, ஒரு பக்கம் கோடாலி வாயோ சுத்தியலோ, மறுபக்கம் முள்ளோ சுத்தியலோ, காம்பின் அடிமுனையிலும் ஒரு கூர். தலைக்குக் கீழே காம்பில் இரும்புப் பட்டைகள், சிலவற்றில் கையைக் காக்க ஒரு வட்டத் தகடு. 15-ஆம் நூற்றாண்டில் பர்கண்டிப் பகுதியில் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட 'கோடாலி ஆட்டம்' என்ற பொருள்படும் கையேடு ஒன்று இதற்கென்றே இருக்கிறது. அதில் வால் எனப்படும் அடிமுனைக்கு அத்தனை முக்கியத்துவம் உண்டு: வாலால் எதிராளியின் அடியைத் தட்டிவிடு, வாலாலேயே முகத்துக்குக் குத்து, பிறகு தலையைக் கொண்டுவா. இரு கைகளுக்கு நடுவே உள்ள காம்புப் பகுதிக்கும் அதில் தனிப் பெயர் இருக்கிறது.

எஃகுத் தகட்டை வாய் வெட்டாது. எனவே கவசக்காரனுக்கு எதிராக வெட்டுச் சேதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அடிக்கு மூன்று வேலை: தலையில் விழுந்து நிலைகுலையச் செய்வது, கொக்கி போட்டு விழத்தட்டுவது, அக்குள், முழங்கை உட்புறம், முகமூடிப் பிளவு, உள்ளங்கை போன்ற இடைவெளிகளில் குத்துவது. பாணிக்கு நான்கு உத்திகள் போதும்.

வால்குத்து, கழிவு −1. சேதம் சாதாரணக் குத்தைவிட 1 குறைவு. தலையால் அடித்துத் தவறிய அதே டர்னின் தடுப்பை வாலால் செய்தால் முன்பு சொன்ன −2 கிடையாது. தலை பின்னால் போகும்போது வால் தானே முன்னால் வருகிறது. இந்த ஆயுதத்தின் உயிரே இந்த மாறி மாறி வரும் இயக்கம்தான். நாலடி நீளக் கம்பு ஒன்றை எடுத்து மெதுவாகச் சுழற்றிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் விளங்கும்.

நடுக்காம்புத் தள்ளல், கழிவு இல்லை. ஒட்டி வந்தவனை இரு கைக்கு நடுவே உள்ள காம்பால் மார்பில் தள்ளுவது. பலப்போட்டி, வென்றால் ஒரு கட்டம் பின்னே போவான், நீங்கள் அடிக்கும் தூரம் மீண்டும் கிடைக்கும்.

மண்டைச் சுத்தி, தலைக்குக் குறிவைப்பதால் −4. கவசம் சேதத்தைத் தாங்கினாலும் எதிராளி உடல்திறன் மீது ரோல் போட வேண்டும். தவறினால் ஒரு டர்ன் செயலிழப்பான்.

கழுத்துக் கொக்கி, −3. பலித்தால் எதிராளி குனிந்த நிலைக்கு வருகிறான். அடுத்த டர்னில் கீழே இழுக்கப் பலப்போட்டி, உங்களுக்கு +2.

இந்த நான்கும் ஒன்றையொன்று அழைக்கின்றன. மண்டைச் சுத்திக்குப் பயந்து ஒட்டி வருகிறவனுக்குத் தள்ளல் இருக்கிறது. தள்ளலை எதிர்த்து முன்னே சாய்கிறவனுக்குக் கழுத்துக் கொக்கி. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய ஆசான் ஃபியோரே, கண்ணைக் குருடாக்கும் பொடியை உட்குடைவான தலையில் நிரப்பிய கோடாலி ஒன்றையும் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். வில்லன் பாத்திரத்துக்கு ஆயுதம் தேடுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்: ஒரே ஒரு முறை, முகத்தில் பட்டால் மட்டும்.

*

கேள்வி: கைக்கு ஒன்றாக இரண்டு கோடாலி?

பதில்: ஒன்று இழுக்க, மற்றொன்று அதே டர்னில் வெட்ட முடியும் என்பது உண்மையான லாபம். பிணைப்பு நிலையில் குறுங்குத்துக்குப் பதில் முழு வெட்டையே அனுமதியுங்கள். இடக்கை என்றால் −4. இழப்பு என்னவென்றால் கேடயத்தின் 2 போகிறது, அம்புக்கு எதிராக ஒன்றும் இல்லை. கோடாலிக்குக் கைக்காப்பு கிடையாது, தடுத்த வாள் காம்பு வழியே வழுக்கி விரலுக்கு வரும். தடுப்பு ரோல் சரியாக எண்ணுக்குச் சமமாக வந்தால் கையில் பாதிச் சேதம் என்று வைத்தால் இது மேசையில் உணரப்படும்.

*

கேள்வி: எறிகோடாலிக்குத் தூரக் கழிவு மட்டும் போதுமா?

பதில்: போதாது. கோடாலி சுழன்று போகிறது. இன்றைய கோடாலி எறியும் போட்டிகளில் கைக்கோடாலிக்கு ஏறத்தாழ 3.7 மீட்டரில் கோடு போடுகிறார்கள். அந்தத் தூரத்தில் ஒரு முழுச் சுற்று முடிந்து வாய் முன்னால் வரும். ஆகவே 4 கட்டத்தில் எறிந்தால் கழிவில்லை, 7 அல்லது 8-இல் இரண்டாம் சுற்று, வழக்கமான தூரக் கழிவு மட்டும். இடையில் 5, 6 கட்டங்களில் எறிந்தால் காம்போ பின்புறமோ படும்: பாதிச் சேதம், வெட்டு இல்லை.

எறிகிறவன் இதைச் சரிசெய்ய வழி உண்டு. ஒரு கட்டம் முன்னே பின்னே நகரலாம், அதுதான் எளிது. மணிக்கட்டை விறைப்பாக வைத்தால் சுழற்சி மெதுவாகும். 'சுற்றுக் கணிப்பு' என்று −3 கழிவில் ஒரு உத்தி வையுங்கள். பலித்தால் எந்தத் தூரத்திலும் வாய் படும். ஓடி வருகிற எதிராளியிடம் அந்தக் கழிவை −5 ஆக்குங்கள், ஒவ்வொரு அடிக்கும் தூரம் மாறுகிறதே. எறிந்த கோடாலி போனதுதான். இடுப்பில் இன்னொன்று இல்லாதவர் எறிய வேண்டாம்.

*

கேள்வி: பாத்திரத்தை வளர்க்கச் செலவிடும் பாயிண்ட்டை உத்திகளுக்கு எப்படிப் போடுவது? ஒரே உத்தியை வாங்கி ஒவ்வொரு டர்னும் அதையே அடிக்கிறார்கள்.

பதில்: திறனை 1 உயர்த்த 4 பாயிண்ட் என்றால், ஒரு உத்தியின் கழிவை 1 குறைக்க 1 பாயிண்ட் வையுங்கள். கழிவு பூஜ்யத்துக்கு மேல் போகக் கூடாது. இதில் தானாக ஒரு வரம்பு இருக்கிறது. நான்கு உத்திகளில் ஒவ்வொன்று வாங்குகிறவர் அதே 4 பாயிண்ட்டில் திறனையே உயர்த்தியிருந்தால் எல்லா உத்தியும் சேர்ந்து உயர்ந்திருக்கும், இரண்டு படிக்கு ஒருமுறை தடுப்பும் ஏறியிருக்கும். அதனால் ஒருவருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று உத்திகள். அவைதான் அவருடைய கைமுறையாக மாறும்.

கழிவு எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்காது என்பதையும் பாருங்கள். திறன் 12 உள்ளவனுக்கு −2 என்றால் 74.1-இலிருந்து 50-க்கு இறங்குகிறான். 16 உள்ளவனுக்கு 98.1-இலிருந்து 90.7-க்குத்தான். ஆரம்பநிலைப் பாத்திரங்கள் ஆடும் கதையில் −4 உத்திகளை அடுக்கினால் யாரும் தொடமாட்டார்கள்; தேர்ந்தவர்கள் ஆடும் கதையில் −2 வைத்தால் அதைத் தவிர வேறெதையும் செய்யமாட்டார்கள்.

திரும்பத் திரும்ப அடிப்பதற்கு மருந்து எளிது. ஒரே எதிராளியிடம் அடுத்தடுத்து இரண்டாம் முறை அதே உத்தி வந்தால் அவன் தடுப்புக்கு +1, மூன்றாம் முறை +2. இடையில் வேறொன்று செய்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். இதோடு 'பாவனைக் கொக்கி' ஒன்றையும் சேருங்கள்: கேடயத்தைக் கொக்கி போடுவது போல் தலையை உயர்த்திக் காட்டுவது. முன்பே ஒருமுறை கொக்கி வாங்கியவன் கேடயத்தைப் பின்னுக்கு இழுத்து உயர்த்திவிடுவான். அறிவுத்திறனில் போட்டி, வென்றால் அடுத்த கால்வெட்டுக்குக் கேடயத்தின் 2 கணக்கில் வராது. இதுவரை அவனிடம் கொக்கியே போடாதவர் இந்தப் பாவனையைச் செய்ய முடியாது. அவனுக்குப் பயப்படக் காரணம் இல்லை.